பழசுக்கும் புதுசுக்கும் நடுவே ஒரு பிணம்

மகனின் விலை நாலரை சவரன் என்று மார்த்தாள் முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். நாலரை என்று சொல்லிக் கைக்குட்டையை அவிழ்த்துச் சங்கிலியை மேஜைமேல் வைத்தாள். கழுத்தில் அது கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

திலகவதி சங்கிலியைத் தொடவில்லை. ரெஜின் கண்ணாலேயே எடை போட்டுவிட்டான்.

"நாலே முக்கால் இருக்கும்மா. கொறச்சுச் சொல்லி நீங்களே ஏமாந்துடாதீங்க."

"ரெஜின்."

"பரம்பரை வியாதி மேடம்."

வடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய கார் புரோக்கருக்குப் பிறந்தவன் அவன். எதைப் பார்த்தாலும் முதலில் விலை தெரியும், அப்புறம்தான் பொருள் தெரியும். திலகவதி பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய வண்டிகளையும் எரிந்த வண்டிகளையும் பார்வையிட்டவள். தீப்பெட்டி முதலாளி சட்டைப்பையிலேயே இருக்கும் லாரிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, வேலையை விட்டுவிட்டு, மருந்துக்கடை மாடியில் இந்தத் துப்பறியும் ஆபீஸைப் போட்டிருந்தாள்.

"இதை எடுத்துக் கழுத்துல போடுங்க," என்றாள் மார்த்தாளிடம். "விஷயத்தைச் சொல்லுங்க."

"எம்புள்ள அலெக்ஸு, சக்கரபாணி காண்ட்ராக்டருகிட்ட டிரைவரும்மா. போன வாரம் செவ்வாக்கெழம மத்தியானம் அவரு செத்துட்டாரு. எம்புள்ளதான் காரை ஏத்திக் கொன்னான்னு சொல்லிக்கினு இருக்காங்க. முன்னூத்தி ரெண்டாம், கொலக் கேஸாம்."

"அவர் என்ன சொல்றார்?"

"வாயே தொறக்கமாட்டேங்குறான். கடலூர் ஜெயிலுக்குப் போய்ப் பாத்தேன். 'நீ வூட்டுக்குப் போம்மா, அப்பாவப் பாத்துக்க'ன்றான். அவ்ளோதான். தூக்குக்குப் போறவன் பேசற பேச்சாம்மா இது?"

"அப்பாவுக்கு என்ன?"

"அன்னிலேருந்து காய்ச்சலு. செவுத்தப் பாத்து படுத்துக்கினு இருக்காரு. புள்ள ஏக்கம்." மார்த்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அலெக்ஸ் கோழி அறுக்கச்சொல்ல கூட வெளிய போயிடுவாம்மா. சேசுவே, அவனா ஒரு ஆளைக் கொல்லுவான்?"

போலீஸிடம் இருந்த சரக்கைத் திலகவதி செய்தித்தாளிலேயே படித்திருந்தாள். அன்று காலை சக்கரபாணியின் புதுக் காரில் பம்பரோரம் ஒரு கீறல். அதற்காக அலெக்ஸை யார்டில் கூலியாட்கள் முன்னால் கன்னத்தில் அறைந்து, வேலையை விட்டுப் போகச் சொன்னார் சக்கரபாணி. மத்தியானம் அதே கார், மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டு, சக்கரபாணியை ஷெட் சுவரோடு சேர்த்து நசுக்கியது. அலெக்ஸ் ஓடினான். சாயந்திரம் காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் பிடித்தார்கள். காரணம் இருந்தது, கார் இருந்தது, ஓட்டம் இருந்தது. வக்கீலுக்கு மிச்சம் எதையும் வைக்காத கேஸ்.

"உங்க பையன் நெய்வேலி சுரங்கத்துல வேலை பாத்திருக்காரா?"

"காண்ட்ராக்ட்ல கூட எடுக்கலம்மா. மைன்ஸ்ல இருந்தது அவங்க அப்பா."

திலகவதி எழுந்து கைப்பையை எடுத்தாள்.

"சங்கிலி பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா," என்றாள் மார்த்தாள்.

"உண்மை வந்தப்புறம் நீங்களே சொல்லுங்க, எவ்வளவு பெறும்னு."

*

மந்தாரக்குப்பம் ரோட்டில் சக்கரபாணியின் வீடும் யார்டும் ஒரே காம்பவுண்டு. முன்னால் மாடி வீடு, பக்கத்தில் மண் தரை யார்டு, கடைசியில் தகர ஷெட். சுரங்கத்துக்கு ஒப்பந்தக் கூலியாட்களை அனுப்பும் தொழில். ஷெட்டில் மஞ்சள் ஹெல்மெட்டுகள் அடுக்கி வைத்திருந்தது, ஆட்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைகளை மட்டும் எண்ணி வைத்தது போலிருந்தது.

ஷெட்டின் செங்கல் சுவர் இடுப்பு உயரத்தில் உள்வாங்கியிருந்தது. யாரோ கழுவிப் பார்த்திருந்தார்கள். செங்கல் குடித்ததைத் திருப்பித் தரவில்லை.

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஸ்டெல்வா, இரண்டும் வெள்ளை. ஒன்று ஆறு வருஷத்துப் பழசு. மற்றது நாலு மாதம் முன்பு வந்த புது மாடல், முன்பக்கம் நசுங்கி.

"அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கிற ஊர்ல வெள்ளைக் கார்," என்றான் ரெஜின். "ஒண்ணு கழுவ ஆள் வச்சிருக்கணும், இல்ல ஆள் வச்சிருக்கேன்னு காட்டணும். இவரு ரெண்டு வாங்கியிருக்காரு."

"செத்தவரைப் பத்திக் கொஞ்சம் மரியாதையா பேசு புரோக்கர்," என்றபடி வந்தார் இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரம். வெயிலில் காய்ந்து விறைத்த மனிதர். வேறு ஊர் ஸ்டேஷனில் இருந்தபோதே, திலகவதியை அவளுடைய எரிந்த லாரி காலத்திலிருந்து தெரியும். "மேடம், உங்களுக்கு இதுல வேலையே இல்ல. டிரைவர் சீட்டைப் பாருங்க, கடைசி வரைக்கும் பின்னால. ஆறடி ஆள் உக்காந்து ஓட்டியிருக்கான். அலெக்ஸ் ஆறடி. இந்த வீட்டுல வேற ஆறடி கிடையாது."

"கார் மோதினதுக்கப்புறம் யாராவது இதுல உக்காந்தீங்களா?"

"தொடவே இல்ல. சாவி என்கிட்ட. தள்ளித்தான் பின்னால கொண்டாந்தோம்."

"சாவியைக் குடுங்க. ரெஜின், ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லு. வாங்க வந்தவன்கிட்ட சொல்ற மாதிரி."

ரெஜினுக்கு முகம் மலர்ந்தது. இது அவன் குலத்தொழில்.

"பழசு, சார், கல்யாணத்துக்கு முந்தின மாப்பிள்ளை. உருண்ட மூஞ்சி, உருண்ட லைட்டு, ஆண்டெனா தலையில குடுமி மாதிரி. சீட்டுக்குக் கீழ கம்பி, இழுத்தா நகரும். புதுசு, அதே மாப்பிள்ளை ரெண்டு வருஷம் துபாய் போயிட்டு வந்தது. லைட்டு கண்ணைச் சுருக்கிப் பாக்குது. உள்ள தியேட்டர் மாதிரி ஸ்கிரீன். இஞ்சின் சத்தம் கம்மி, வேகம் ஜாஸ்தி. எல்லாத்துக்கும் பட்டன்."

"உக்காந்து ஓட்டத் தயாராகு."

ரெஜின் ஐந்தரை அடி. புதுக் காரில் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, பட்டனை அழுத்திச் சீட்டை முன்னால் கொண்டுவந்தான். கால் எட்டியது. இஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது.

"இப்ப ஆஃப் பண்ணு."

இஞ்சின் நின்றது. ஒரு மெல்லிய உறுமல். யாரும் தொடாமலேயே சீட் ரெஜினைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது, கடைசி வரைக்கும்.

"அடேங்கப்பா," என்றான் ரெஜின். "முதலாளி எறங்கத் தொப்பைக்கு எடம் விடுதாம்."

சண்முகசுந்தரம் காருக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். இன்னொரு தடவையும் அதுவே நடந்தது.

"பழசுல சீட்டு கடைசியா ஓட்டினவனைச் சொல்லும்," என்றாள் திலகவதி. "புதுசு எல்லாரையும் ஆறடின்னு சொல்லும். குள்ளமான ஆள் ஓட்டினாலும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். 

"சரி, சீட்டு போகட்டும். சக்கரபாணி ரெண்டு கையையும் முன்னால நீட்டினபடி நசுங்கிக் கிடந்தாரு. 'நிறுத்து நிறுத்து'ன்னு கெஞ்சியிருக்காரு. அதுக்கு மேலயும் ஏத்தியிருக்கான். அதுக்கு என்ன பட்டன்?"

திலகவதி ரோட்டுப் பக்கம் திரும்பினாள். கேட்டுக்கு எதிரே புகைந்துகொண்டிருந்த பஜ்ஜிக் கடையைப் பார்த்தாள்.

*

கடைக்காரி மாரியம்மாள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"போலீஸ்காருக்கு எல்லாம் சொல்லிட்டேங்க. அலெக்ஸ் கேட்டாண்ட ஓடினு இருந்தான். பாத்தேன்."

"கார் மோதினதைப் பாத்தீங்களா?"

"காம்பவுண்டு செவுரு இருக்குதே. முதலாளி தலையும் கையுந்தான் மேல தெரிஞ்சுது. காருக்கு முன்னால நின்னுக்கினு கையால தள்ளிக்கினு இருந்தாரு."

"எப்படித் தள்ளினார்? காட்டுங்க."

மாரியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டி, விரல்களை மேலும் கீழும் ஆட்டினாள். போ, போ, இன்னும் போ.

"இது நிறுத்துன்னு சொல்ற கையா மேடம்?" என்றான் ரெஜின் மெதுவாக.

"மொகம் எப்படி இருந்துது?"

"சிரிச்சுக்கினு இருந்தாரு. நக்கல் சிரிப்பு. அவரு சிரிச்சாலே யாருக்கோ கெட்ட நேரந்தானுங்க."

"காருக்குள்ள யாரு?"

"கண்ணாடி கறுப்பு. தெரியல. நான் மாவு கரைக்கக் குனிஞ்சேன். ஆரன் அடிச்சான். பாம், பாம், பாம். அப்பால டமார்னு ஒரே சத்தம்."

"மூணு தடவை? ஒரே நீளமா?"

"அளந்து வச்ச மாதிரி மூணு. போலீஸ்கிட்ட சொன்னேன். 'வெறி புடிச்சு அடிச்சிருப்பான்'னு எழுதிக்கினாரு."

ரோட்டைத் தாண்டுமுன் திலகவதி நின்றாள். சுரங்கத்திலிருந்து ஷிப்ட் பஸ் ஒன்று போனது. ஜன்னலில் சாய்ந்து ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யார்டுக்குள் வந்ததும் இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள்.

"சார், நீங்க இந்த ஊருக்கு மாத்தலாகி வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஆறு மாசம்."

"அதான். மைன்ஸ்ல டம்பர் லாரி ஓட்டறவங்க வண்டியை நகர்த்தறதுக்கு முன்னால ஹாரன்ல சொல்லணும். ஒண்ணு அடிச்சா ஸ்டார்ட் பண்றேன். ரெண்டு அடிச்சா முன்னால வரேன். மூணு அடிச்சா..."

"பின்னால போறேன்," என்று முடித்தான் ரெஜின். "எங்க மாமா ரிட்டையர் ஆகி எட்டு வருஷமாச்சு. இன்னமும் சர்ச் வாசல்ல ஸ்கூட்டரைத் திருப்ப மூணு அடிப்பாரு. ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்திட்டுக் காத்திருப்பாரு."

"காருக்குள்ள இருந்தவர் பின்னால போறேன்னு சொன்னார். வெளிய நின்னவர் போ போன்னு கை காட்டினார். ரெண்டு பேரும் ஒரே திசையைத்தான் நினைச்சுகினு இருந்தாங்க சார். கார் மட்டும் வேற திசை."

சண்முகசுந்தரம் சுவரைப் பார்த்தார். "கார் தானா முடிவு பண்ணுமா மேடம்? சீட்டு போன மாதிரி?"

"ரெஜின், பழசை ரிவர்ஸ் எடு."

பழைய காரின் கியர்த் தண்டில் குமிழ் இல்லை. வெறும் மரைதான் நீட்டிக்கொண்டிருந்தது. ரெஜின் அதைப் பிடித்து, இடது பக்கம் ஒடித்து மேலே தள்ளினான். கார் சாதுவாகப் பின்னால் நகர்ந்தது.

"இப்பப் புதுசு."

புதுக் காரின் கியர்த் தண்டில் கம்பெனி கொடுத்த குமிழ் இல்லை. பிள்ளையார் பொறித்த வெள்ளிக் குமிழ் ஒன்று பளபளத்தது. உள்ளங்கை பட்டுப் பட்டுப் பிள்ளையாரின் தும்பிக்கை மழுங்கியிருந்தது. ரெஜின் அதைப் பிடித்தான், இடது பக்கம் ஒடித்தான், மேலே தள்ளினான், கிளட்சை விட்டான்.

கார் முன்னால் பாய்ந்தது. ரெஜின் பிரேக்கை மிதித்தான். சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சீட் அமைதியாக இருந்தது. ரெஜின் அப்படி இல்லை.

"மேடம், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"பழசுல ரிவர்ஸ் இருந்த எடத்துல புதுசுல ஃபர்ஸ்ட் கியரை வச்சிருக்கான். ரிவர்ஸை வலது பக்கம் கீழ மாத்திட்டான். எந்தக் கியர் எங்கன்னு கம்பெனிக் குமிழ்ல படம் போட்டிருக்கும். இங்க படத்துக்குப் பதிலா பிள்ளையார்."

"அது அவரோட ராசிக் குமிழு," என்றது ஒரு குரல். சக்கரபாணியின் மனைவி சந்திரகலா வீட்டுக் கதவோரம் நின்றிருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை, குரலிலும் ஒன்றும் இல்லை. "மொத காண்ட்ராக்ட் கெடச்சப்ப செஞ்சது. புது வண்டி வந்த அன்னிக்கே பழசுலேருந்து கழட்டி இதுல மாட்டிட்டாரு."

திலகவதி அந்த வெள்ளியைப் பார்த்தாள். கண்ணுக்குப் புதுக் கார். கைக்குப் பழைய கார்.

"நாலு மாசமா அலெக்ஸ்தானே புதுசை ஓட்டினார்? அவர் கைக்குப் புது எடம் பழகிப் போச்சு. இந்தத் தப்பை அவர் பண்ண முடியாது. பழசை ரொம்ப வருஷம் ஓட்டி, புதுசைத் தொடாதவர்தான் பண்ணமுடியும்." அவள் சந்திரகலா பக்கம் திரும்பினாள். "பழைய காருக்கு யார் டிரைவர்மா?"

"செல்வநாதண்ணன். மைன்ஸ்ல ரிட்டையர் ஆகி நேரா எங்ககிட்டதான் வந்தாரு. மூணு ஆரன் அடிக்காம கேட்டை விட்டு எடுக்கமாட்டாரு. பக்கத்து வூட்டுக் கொழந்தைங்கல்லாம் கூட சேந்து கத்தும்." ஒரு நொடி அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, வந்த இடம் தப்பென்று போய்விட்டது. "புது வண்டி வந்ததும் 'கெழவனுக்கு எதுக்கு இது'ன்னு அவர நிறுத்திட்டு, புள்ளைய வச்சுக்கிட்டாரு."

"எந்தப் பிள்ளையை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர், தெரிந்துகொண்டே.

"அலெக்ஸைத்தான்."

ரெஜின் காரிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினான். 

*

வடலூர் வீட்டுக் கதவைத் திறந்த மார்த்தாளின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்கத் திலகவதிக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னாம்மா? எம்புள்ள வந்துடுவானா?"

"வந்துடுவார். அவர் அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

செல்வநாதன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குள்ளமான, உருண்ட மனிதர். தலைமாட்டில் சேஃப்டி வீக் விழாவில் கொடுத்த பித்தளைத் தட்டு, விபத்தில்லாமல் முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியதற்கு. திலகவதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஐயா, மூணு ஹாரன் அடிச்சது நீங்கதானே?"

அவர் திரும்பவே இல்லை. முதுகு மட்டும் பேசியது.

"ஆமா. நான்தான் கொன்னேன்."

மார்த்தாள் கையிலிருந்த சொம்பு விழவில்லை. அதை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா சொல்ற?"

"எம்புள்ளய அறஞ்சானேன்னு கேக்கப் போனேன் மார்த்தா. 'அப்பனுக்கும் ஓட்டத் தெரியாது, புள்ளைக்கும் தெரியாது'ன்னு சிரிச்சான். 'தெரிஞ்சா ரிவர்ஸ் எடுத்துக் காட்டுடா பாக்கலாம்'னான். அவன்லாம் என்னிய 'டா'ன்றான். ஏறி உக்காந்தேன். பின்னால கேட்டு மேடு, நல்லா மிதிச்சாத்தான் ஏறும். ரிவர்ஸ்தான் போட்டேன். தலையப் பின்னால திருப்பிக்கினு மிதிச்சேன். சத்தியமா ரிவர்ஸ்தான் போட்டேன்." அவர் இப்போது திரும்பினார். கண் வீங்கியிருந்தது. "ஆனா வண்டி முன்னால போச்சு. இவன் சாவணும்னு மனசுல நெனச்சுக்கினுதான் ஏறினேன். மனசுல இருந்தது கைக்கு வந்துடுச்சு. வேற எப்புடி? இத்தினி வருஷத்துல என் கை ஒரு தபா தப்புனது கெடையாது."

"அலெக்ஸ்?"

"சம்பள பாக்கிக்காக அங்கயே நின்னுக்கினு இருந்தான், சத்தம் கேட்டு ஓடியாந்தான். என்னிய நான் வந்த பின்கேட்டு வழியாவே என் மொபெட்டுல ஏத்தி அனுப்பிட்டு, எல்லாரும் பாக்க முன்கேட்டு வழியா அவன் ஓடினான். 'நீ கொலகாரன் இல்லப்பா, வாயத் தொறக்காத'ன்னான். எப்புடி இல்ல? எனக்குத்தான தெரியும்."

"தெரிஞ்சுகினே புள்ளைய உள்ள வுட்டுட்டு படுத்துக்கினு இருந்தியா?" மார்த்தாளின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"ரெண்டு தபா ஸ்டேஷன் வரைக்கும் போனேன் மார்த்தா. உள்ள போவல. கொலகாரன்னு என் வாயால சொல்ல வரல."

திலகவதி எழுந்தாள். "இன்னும் சொல்லாதீங்க. முதல்ல வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

*

இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரம் புதுக் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இஞ்சின் அணைந்திருந்தது. சாவியை அரைத் திருப்பு மட்டும் திருப்பியிருந்தார். யாரும் செல்வநாதனிடம் எதையும் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

செல்வநாதன் உட்கார்ந்தார். எதிரே உள்வாங்கிய சுவர். அவர் அதைப் பார்க்காமல் மடியைப் பார்த்தார்.

"ரிவர்ஸ் போடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

கை வெள்ளிக் குமிழைத் தேடவில்லை. போய் உட்கார்ந்தது. பெருவிரல் மழுங்கின தும்பிக்கையை ஒரு தடவை தடவியது. இடது பக்கம் ஒடித்து, மேலே தள்ளினார். கழுத்து தானாகப் பின்னால் திரும்பியது.

"போட்டுட்டேன்."

"நல்லாத் தெரியுமா?"

"என் வூட்டு வாசப்படி மாதிரி தெரியும் சார்."

சண்முகசுந்தரம் திலகவதியைப் பார்த்தார். அவள் மறுபக்கம் ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். குமிழின் மேலிருந்த அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். அதை வெளியே இழுத்து, வலது பக்கம் ஒடித்து, கீழே கொண்டுபோனாள்.

முன்னால் ஸ்கிரீன் விழித்துக்கொண்டது. காருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அதில் வந்தது. மேடு, கேட்டு, அதன் முன்னால் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் மார்த்தாள்.

"இதுதான் இந்த வண்டியில ரிவர்ஸ்," என்றாள் திலகவதி. "நீங்க போட்டது ஃபர்ஸ்ட். உங்க கை தப்பு பண்ணல ஐயா. அது பழைய வண்டியைத்தான் ஓட்டுச்சு. மனசுல என்ன இருந்துதோ அது உங்களுக்கும் ஆண்டவருக்கும். கியர்ல அது இல்ல."

செல்வநாதன் ஸ்கிரீனில் இருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு குமிழைப் பார்த்தார். கையை எடுத்து இடது பக்கம் மேலே தள்ளினார். ஸ்கிரீன் அணைந்தது. வலது பக்கம் கீழே இழுத்தார். மார்த்தாள் வந்தாள். மறுபடி தள்ளினார், மறுபடி இழுத்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்றார் கடைசியில். "மாத்தியிருக்குன்னு ஒரு வார்த்த. அலெக்ஸுக்காவது தெரியுமே. நான் அவங்கிட்ட கேக்கல. கெழவனுக்குத் தெரியாதுன்னு அவனும் சொல்லிடுவானோன்னு கேக்கல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். குரல் அலுவலகத்துக்குத் திரும்பியது.

"முன்னூத்தி ரெண்டு நிக்காது. அஜாக்கிரதையால மரணம், முன்னூத்தி நாலு ஏ. அதிகபட்சம் ரெண்டு வருஷம், கோர்ட் வயசைப் பாக்கும். அலெக்ஸ் மறைச்சதுக்கு ஒரு சின்ன செக்‌ஷன் இருக்கு. இந்த வாரமே பெயில்ல வந்துடுவான்." ஒரு கணம் தயங்கினார். "ஐயா, ஜீப்புக்கு வாங்க. மெதுவா வாங்க."

செல்வநாதன் இறங்கும்போது மார்த்தாள் அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்தாள்.  ஜீப் மேட்டில் பின்னால் ஏறிக் கேட்டைத் தாண்டும்வரை நின்றாள். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. வெளியூர்க்காரன்.

"மார்த்தாம்மா," என்றான் ரெஜின். ஆறுதல் சொல்லத் தெரியாத குடும்பம் அவனுடையது, கணக்குதான் தெரியும். "இப்படிப் பாருங்க. தூக்குக்குப் போக இருந்த ஒருத்தர் வீட்டுக்கு வராரு. கொலைகாரன்னு நெனச்சுகினு செத்துப்போக இருந்த ஒருத்தர் அதுலேருந்து வெளிய வந்துட்டாரு. அதுக்கு அதிகமாப் போனா ரெண்டு வருஷம். உங்க பக்கம் லாபந்தாம்மா."

மார்த்தாள் அவனைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டாளா, இல்லை அவன் பிள்ளைத்தனத்தை மன்னித்தாளா என்று தெரியவில்லை.

சந்திரகலா கதவோரத்திலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"அவுங்க கணக்கு சரி தம்பி," என்றாள். "போலீசுக்குக் கேஸ் முடிஞ்சுது. அவுங்களுக்குப் புள்ள. அண்ணனுக்கு நிம்மதி. ஒருத்தன் வேணும்னே கொன்னான்னு நெனச்சு பத்து நாளா நானும் எப்புடியோ பல்லைக் கடிச்சுக்கினு இருந்துட்டேன். கோவப்பட ஒரு ஆளு இருந்துது. இப்ப அதுவும் இல்ல. என் பக்கத்துல என்ன எழுதுவீங்க?"

ரெஜின் திலகவதியைப் பார்த்தான். 

சந்திரகலாவே எழுதிக்கொண்டாள். யார்டைக் காட்டி, கடை வாசலில் சரக்கு எண்ணுகிற குரலில் சொன்னாள்:

"பழசு ஒண்ணு. புதுசு ஒண்ணு. வராத பாக்கி ஒரு ஆளு."